ஆத்தா முழிக்காம ஓட்டணும்

2022 மே மாதம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. லோம்ஸ் காட்சி முனையின் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நானும் என் மூன்று வயது மகளும் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம். என் வாந்திக்குக் காரணம் எனக்குத் தெரியும். இரண்டாவது குழந்தை உண்டாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. அவள் வாந்திக்குக் காரணம் வண்டி.

கொழுந்தனார் ஓட்டிவந்த ஏழு இருக்கை வண்டி அது. நல்ல உயரம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. நடு வரிசையில் தாழ உட்கார்ந்திருந்த மகளுக்கு ஜன்னல் வழியே வானம் மட்டுமே தெரிந்தது. வயிற்றைப் புரட்டுவதன் அடிப்படை இதுதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. கண்ணோ ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது குழந்தையின் வயிறு.

அத்தை வண்டியிலிருந்து இறங்கவேயில்லை. மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, “இன்னும் எத்தனை வளைவுங்க கண்ணு?” என்று மட்டும் கேட்டார். மொத்தம் 40. இன்னும் 31 இருந்தது. பாறைமேல் இரண்டு வரையாடுகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. மகளின் வாயைக் கழுவிவிட்டபோது, அடுத்து நாங்கள் வாங்கப்போகும் வண்டி எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதற்கு மேலும் ஒன்றேகால் வருடம் ஆனது.

*

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கணபதியில் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். கோவையில் அந்தத் தலைமுறைப் பட்டறைக்காரர்களுக்குக் கார் பந்தயம் ஒரு கோவில் நோம்பி மாதிரி. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்க நண்பர்களோடு ரயிலேறிப் போனவர் அப்பா. கோவைக்காரரான கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தயக் காரை உருவாக்கியதை, சொந்தத் தம்பி செய்த காரியம்போலச் சொல்லுவார். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தபோது பட்டறையை ஒருநாள் பூட்டிவைத்தார். 2003இல் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ திறந்தபிறகு என்னையும் அங்கே கூட்டிப்போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கார்கள் வளைவுக்குள் நுழையும் இடத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். “நேர் ரோட்டைப் பாக்காதே அம்மிணி, அங்க ஒண்ணும் இல்ல. எங்க பிரேக் புடிக்கிறான், எப்ப விடறான், அதைப் பாரு.”

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2002இல், எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்திருந்தது. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐக்கான், 1.6 லிட்டர் பெட்ரோல். அமாவாசைக்கு அமாவாசை காங்கேயம் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோவிலுக்கு அதில் போவோம். ஆத்தா பின்சீட்டில் ஏறி, சேலைத் தலைப்பைத் தலைக்கு அண்டக் கொடுத்து, சூலூர் வருவதற்குள் தூங்கிவிடும். என் பயிற்சி அங்கிருந்துதான் ஆரம்பம். அப்பா பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டு சொல்லுவார்: “கண்ணாடியில ஆத்தாளைப் பாத்துட்டே ஓட்டு. ஆத்தா முழிச்சுதுன்னா நீ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்.”

மெதுவாக ஓட்டித் தப்பிக்கவும் முடியாது. பூசைக்கு நேரமாகிவிடும். ஆகவே வேகம் குறையாமல், ஆத்தாவும் முழிக்காமல் ஓட்டவேண்டும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும். பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல், பாலாடையை ஓரமாக ஒதுக்குவதுபோல மெல்ல விடவேண்டும். கியரை இறக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுழற்சியை ஏற்றிக்கொண்டால், கிளட்ச் சேரும்போது வண்டி முன்னுக்கு வெட்டாது. ஸ்டியரிங்கை ஒரே தடவை திருப்பிப் பிடித்தால் போதும், வளைவுக்குள் போனபிறகு திருத்தக்கூடாது. பிற்காலத்தில் பந்தய ஓட்டம் பற்றிப் படித்தபோது அவர்கள் சொல்வதும் இதையேதான் என்று தெரிந்தது. நான்கு சக்கரங்களுக்கும் நடுவே வண்டியின் எடை இடம் மாறுவதை அதிராமல் செய்பவர்தான் கடைசிவரை வேகமாக ஓட்டமுடிகிறது. ஆத்தா தூங்குவதும் பந்தயக்காரர் ஜெயிப்பதும் எனக்கு ஒரே வித்தைதான்.

இருபது வருடம் கழித்து, 2022இல், அந்த ஐக்கானின் பதிவைப் புதுப்பித்தோம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில்தான் 5,000 ஆகியிருந்தது. அப்பா முகம் கோணாமல் கட்டினார். ஆனால் மகளையும் வயிற்றில் இருப்பதையும் அதில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எனக்கு இனி மனம் வரவில்லை. அந்தக் காலத்து நடுத்தர விலைக் கார்களில் காற்றுப்பையைக் காண்பது அரிது. குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கான கொக்கி என்ற பேச்சே அப்போது இல்லை.

*

2023 ஜனவரியில் மகன் பிறந்தான். சிசேரியன். “ரெண்டு குழந்தை, வயசானவங்க, தோட்டத்துக்கு வேற போகணும். எஸ்யூவி எடுத்துக்கங்க” என்று சொல்லாத உறவு இல்லை. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி. உயரமான வண்டியில் அவர் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுந்துவிடுவார். செடானில் கீழே இறங்கி உட்காரவேண்டும், எழும்போது முழங்கால் முழு எடையையும் தாங்கவேண்டும். குழந்தையை இருக்கையில் வைக்கும் தாயின் முதுகுக்கும் உயரமான வண்டியே நல்லது. இந்த இரண்டையும் மறைத்துவிட்டுச் செடானைப் புகழ்ந்தால் அது பொய்.

ஆனால் ஒன்பதாவது வளைவு என் கண்ணை விட்டுப் போகவில்லை. வண்டியின் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அது வளைவில் சாயும். சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் மேடுபள்ளத்தில் தூக்கிப்போடும். தாழ்ந்த வண்டிக்கு அந்த இறுக்கம் அவ்வளவாகத் தேவைப்படாது. கணவரிடம் இதைச் சொன்னபோது அவர், “உனக்கு ஓட்டறது புடிக்கும். அதையும் ஒரு காரணமாச் சேத்துக்க, ஒளிக்காதே” என்றார். சேர்த்துக்கொண்டேன். எனக்கு ஓட்டப் பிடிக்கும். இரண்டு பிள்ளை பெற்றதால் அந்த ஆசையைப் பெட்டியில் மடித்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனதுக்குள் முதலில் இருந்தது ஸ்கோடா ஆக்டேவியா. செடான்போலத் தெரியும், ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து டிக்கிக் கதவு முழுதாகத் திறக்கும். அதன் ஆர்எஸ் 230 வகை 230 குதிரைத்திறனோடு 2017இல் இங்கே வந்தபோது அப்பாவும் நானும் ஒரு மாலை முழுக்க அதைப் பற்றியே பேசினோம். எங்கள் கைக்கு எட்டாத விலை. பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளின் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் வந்ததும் ஆக்டேவியாவே இந்தியச் சந்தையிலிருந்து விலகிவிட்டது.

மிச்சம் நின்றவை நான்கு. ஹோண்டா சிட்டி, புதிய ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லேவியா. நான்குமே நான்கு மீட்டரைத் தாண்டிய முழு செடான்கள். இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் காருக்கு வரிச்சலுகை உண்டு. அதற்காகவே வாலை நறுக்கியதுபோலச் சில செடான்கள் வருகின்றன. நாங்கள் பார்த்தவற்றுக்கு ஜிஎஸ்டியும் கூடுதல் வரியும் சேர்ந்து அன்றைக்கு 45 சதவீதம். வாலுக்குக் கொடுத்த விலை என்றே வைத்துக்கொண்டேன்.

ஷோரூம்களுக்குப் போகும்போது ஒரு துணிப்பையில் ஏழு கிலோ பொன்னி அரிசியைக் கட்டி எடுத்துக்கொண்டேன். ஆறு மாதக் குழந்தையை வெயிலில் இடம் இடமாகத் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லை, அவன் எடையோ சரியாக ஏழு கிலோ. கணவர் இரண்டு குழந்தை இருக்கைகளையும் தூக்கிவந்தார். ஒன்று மகனுக்கு, பின்னோக்கிப் பார்ப்பது. இன்னொன்று மகளுக்கு, முன்னோக்கிப் பார்ப்பது. முதல் ஷோரூமில் விற்பனைப் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். நான் பின்கதவைத் திறந்து, இருக்கையை மாட்டி, அரிசிப் பையை அதில் வைத்து எடுத்து, மறுபடி வைத்து எடுத்தேன். பத்து முறை. ஐந்தாவது முறையிலேயே ஒரு காரின் கூரை விளிம்பில் தலை இடித்தது. பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை பார்க்க அழகுதான், ஆனால் அந்தச் சரிவு தொடங்கும் இடத்தில்தான் தாயின் தலை நுழையவேண்டியிருக்கிறது. இன்னொன்றில் கதவு அகலமாகத் திறந்தது. அரிசிப் பை தோளில் உரசாமல் உள்ளே போயிற்று. சிசேரியன் தையல் போட்ட இடத்தில் பத்தாவது முறைக்கும் இழுப்பு வரவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

பின்னோக்கிய இருக்கை ஏன் என்று அந்தப் பையன் கேட்டான். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு. நேருக்கு நேர் மோதினால் முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை முன்னால் வீசப்பட்டு, பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி இருந்தால் முதுகு முழுவதும் இருக்கையில் அழுந்தி அந்த அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும். காற்றுப்பை இயங்கும் முன்சீட்டில் அந்த இருக்கையை வைக்கவே கூடாது. அடுத்த மாதம் அவன் அக்காவுக்குப் பிரசவமாம். எந்த அளவு, எங்கே கிடைக்கும் என்று போனில் எழுதிக்கொண்டான். அன்றைக்கு அரைமணி நேரம் நாங்கள் காரைப் பற்றிப் பேசவே இல்லை.

பின்சீட்டுதான் பெரிய கணக்கு. குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டு ஓரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே குழந்தை இருக்கைகள் இரண்டும் ஓரத்துக்குப் போகும், பெரியவர் ஒருவர் நடுவே. ஒவ்வொரு இருக்கையும் 44 சென்டிமீட்டர் அகலம். டேப் வைத்து அளந்தேன். இந்த வகைக் கார் எதிலும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடம் மிஞ்சவில்லை. அத்தையை அங்கே உட்காரவைத்தால் மூன்று மணிநேரப் பயணத்தில் முழங்கால் மரத்துப்போகும். பின்னோக்கிய இருக்கைக்கு இடம்விட, அதற்கு முன்னால் இருக்கும் சீட்டை முன்னே நகர்த்தவும் வேண்டும். அங்கே கணவரின் கால் மடங்காது.

இதைத் தீர்த்தவர் அத்தை. அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிப்போனோம். நாங்கள் அளந்துகொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து, முதலில் இடுப்பை வைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பி உட்கார்ந்தார். குள்ளமான உருவம். சீட்டை முன்னே தள்ளியும் முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் இருந்தது. “எனக்கு இது பத்துமுங்க கண்ணு. அவன் ஒல்லிதானே, நடுவுல செருகிக்கட்டும்” என்றார். மாமா இருந்தவரை அத்தை ஒருநாளும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று கணவர் அன்றிரவு சொன்னார். எழுந்து இறங்குவது மட்டும் சிரமமாகத்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. யாராவது கை கொடுக்கிறோம்.

*

தோட்டம் உடுமலைப்பேட்டை பக்கம். தார்ச்சாலையிலிருந்து வீடுவரை அரைக் கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவே டிராக்டர் சக்கரங்கள் விட்டுவைத்த மண்மேடு. செடான் வயிறு அதில் தட்டும் என்பதுதான் கொழுந்தனாரின் வாதம். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு மரச்சட்டமும் டேப்பும் எடுத்துவந்து, சக்கரத்தடத்தின் இருபுறமும் சட்டத்தைப் பரப்பி, பத்தடிக்கு ஒருமுறை மேட்டின் உயரத்தை அளந்து சிகரெட் அட்டையில் எழுதினார். அதிகபட்சம் 15 சென்டிமீட்டர். ஸ்லேவியாவுக்கும் விர்டஸுக்கும் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர், ஆனால் அது ஆளில்லாத வண்டிக்கு. ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். “ரெண்டு எடத்துல உரசும். அதை நான் சீவிடறேன்” என்றார். மண்வெட்டி எடுத்து அன்றைக்கே சீவினார். 70 வயது அவருக்கு.

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம்காரர்கள் கூட்டிப்போவது பெரும்பாலும் அவிநாசி சாலைதான். மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலம், இரண்டாவது கியரைத் தாண்ட வழியில்லை. மருதமலை அடிவாரம்வரை போகவேண்டும், மலைச்சாலையில் ஏறவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஸ்லேவியாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 150 குதிரைத்திறன். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அதன் முறுக்குவிசையான 250 நியூட்டன் மீட்டரும் 1,600 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டியில், முன்னால் போகும் பேருந்தைத் தாண்ட எதிர்ச்சாலையில் எத்தனை விநாடி நிற்கிறோம் என்பதுதான் உயிர்க் கணக்கு. எஞ்சினை அலறவிடாமல், கியரை இரண்டு தடவை மாற்றாமல், அந்த விநாடிகளை அது குறைத்தது. அதற்காகவே எனக்கு அந்தத் திறன் தேவைப்பட்டது. குறைந்த பாரத்தில் போகும்போது நான்கில் இரண்டு சிலிண்டர்களை அந்த எஞ்சின் தானே நிறுத்திக்கொள்வது பெட்ரோலுக்கு நல்லது.

சிட்டி ஓட்டவும் உட்காரவும் இதமாக இருந்தது. வெர்னாவின் டர்போவுக்கு 160 குதிரைத்திறன், 528 லிட்டர் டிக்கி. அதையும் எடுத்திருப்பேன். ஆனால் நான் முடிவெடுக்கும் நேரத்தில் அதன் மோதல் சோதனை முடிவு வெளியாகியிருக்கவில்லை. அக்டோபரில்தான் வந்தது, அதற்கும் ஐந்து நட்சத்திரம். ஸ்லேவியா, விர்டஸ் இரண்டுக்கும் ஏப்ரலிலேயே குளோபல் என்கேப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்து, குழந்தைகள் பாதுகாப்பில் ஐந்து கொடுத்திருந்தது. குழந்தைகளுக்கு 49க்கு 42 புள்ளி. பின்சீட்டின் நடுவிலும் மூன்று முனை பெல்ட். செருகிக்கொள்ளப்போகும் கணவருக்கு அது வேண்டும்.

கிளட்ச் இல்லாத கியரா, கையால் போடும் கியரா என்பதில் மட்டும் ஒரு வாரம் தூக்கம் போயிற்று. நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் கியரை இறக்கும்போது ஆக்சிலேட்டரைத் தட்டி, வண்டி வெட்டாமல் கிளட்சைச் சேர்க்கும் அந்த ஒரு கணம், அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. கையால் போடும் ஆறு கியர்.

ஆடி போகட்டும் என்று அத்தை சொன்னார். ஆவணியில் ஸ்லேவியாவை எடுத்தோம். டிக்கியின் 521 லிட்டரை முதல்நாளே அப்பா சோதித்தார். தள்ளுவண்டி, தொட்டில் ஸ்டாண்ட், இரண்டு பெட்டி, ஒரு மூட்டைத் தேங்காய். மூட்டை மட்டும் செடான் டிக்கியின் வாயில் நிமிர்ந்து நுழையாது, படுக்கவைத்துத்தான் தள்ளவேண்டும். ஐக்கானைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். சனிக்கிழமைகளில் அதைத் துடைப்பது இன்றும் அவர் வேலை.

*

டிசம்பரில் வால்பாறை போனோம். மகளின் இருக்கைக்கு அடியில் திண்டு உயரமாக இருந்ததால் அவளுக்குச் சாலை தெரிந்தது. ஒவ்வொரு வளைவின் பலகையிலும் எழுதியிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாள். மகன் பின்னோக்கி உட்கார்ந்து தன் அப்பாவின் விரலைக் கடித்துக்கொண்டிருந்தான். கணவர் ஒரு தோளை முன்னால் தள்ளி, ஒரு தோளைப் பின்னால் சாய்த்து நடுவே இருந்தார். ஆழியாறு சோதனைச்சாவடியில் அத்தை கைப்பிடியைப் பிடித்தார். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும் என்பது மலைச்சாலை விதி. இறங்கிவந்த சுற்றுலா வேன் ஒன்று விடவில்லை. நின்று வழிவிட்டுப் போனேன். இரண்டாவது கியர், வளைவுக்கு முன்பே பிரேக், ஒரே திருப்பு. முப்பதைத் தாண்டவில்லை முள்.

“ஒம்பது” என்று மகள் கத்தினாள். “நிறுத்தட்டுமா சாமி?” என்றேன். “வேண்டா, பத்து எங்க?” என்றாள்.

வால்பாறை போய்ச் சேர்ந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். வண்டி எப்படி, பெட்ரோல் எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. “உங்க அத்தை தூங்குனாங்களா?” என்றார்.

“பதினாலாவது வளைவுல கையி தானா எறங்கிருச்சுங்கப்பா.”

“எங்க முழிச்சாங்க?”

“அட்டகட்டில. டீ குடிக்க நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணுனப்ப.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பட்டறையில் லேத் சுற்றும் சத்தம் கேட்டது. “செரி, வை அம்மிணி. எறங்கும்போது பிரேக்கையே புடிச்சுட்டு வராதே, கியர்ல விட்டு எறக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார்.